சித்தூர் நாகையா: இரு மொழிக் குடும்பப் படங்களின் தந்தை முகம்

சித்தூர்: ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன் வைத்துப் புகழ்பெற்ற திரைக்கலைஞர்கள் தென்னிந்தியாவில் பலர் உண்டு. அவர்களுள் சித்தூர் வி. நாகையாவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவர் பிறந்த ஊர் சித்தூர் அன்று. 1904ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி குண்டூர் பகுதியிலுள்ள ரேபல்லேயில் பிறந்தார். ஆயினும், வளர்த்து மேடையேற்றிய ஊரின் பெயரையே அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்தார்.

இளமையில் வறுமை உடனிருந்தது. திருமலைக் கோயில் நிர்வாகம் வழங்கிய உதவித்தொகையைக் கொண்டே அவர் தொடக்கக் கல்வி பயின்றார். இன்றைய திருமலை திருப்பதி தேவஸ்தானம் உருவாவதற்கு முந்தைய காலம் அது. கோயில் நிர்வாகம் அப்போது ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளின் பொறுப்பில் இருந்தது. பக்தப் பாத்திரங்களால் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஒருவரின் கல்வி ஏழுமலையான் சந்நிதியின் உதவியால் தொடங்கியது தற்செயலே என்றாலும், குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதிகளும் கடப்பாவின் பகுதிகளும் அதில் இணைக்கப்பட்டன. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் நிலம் அது. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது இரு தரப்பும் அதற்கு உரிமை கோரின. 1960இல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நீடித்தன. அந்த எல்லை வழக்கு எழுவதற்கு வெகுகாலம் முன்னரே, அம்மண்ணின் இரு மொழிகளும் நாகையாவிடம் இயல்பாகக் குடியேறியிருந்தன.

சித்தூர், குப்பம், பெங்களூரு ஆகிய இடங்களில் இயங்கிய நாடகக் குழுக்களில் அவர் நடித்தார். பாட்டு அவருக்கு நன்றாக வந்தது. பெண் வேடங்களையும் ஏற்றார். வயிற்றுப்பாட்டுக்காக அரசு அலுவலகத்தில் எழுத்தராகவும், 'ஆந்திர பத்திரிகா' நாளிதழில் செய்தியாளராகவும் பணியாற்றினார். உப்புச் சத்தியாக்கிரகம் நாட்டை உலுக்கிய காலத்தில் விடுதலைப் போராட்டத்திலும் ஈடுபட்டார்.

திரையுலகம் அவரை அழைத்தபோது வயது 34. எச்.எம்.ரெட்டி இயக்கிய 'கிருஹலட்சுமி' (1938) அவரது முதல் படம். அடுத்து பி.என்.ரெட்டியின் வாஹினி நிறுவனம் எடுத்த 'வந்தே மாதரம்' (1939) அவரை நாயகனாக்கியது. 'சுமங்கலி', 'தேவதா', 'பக்த போதனா' என்று தொடர்ந்த படங்கள் அவரைத் தெலுங்குத் திரையின் முதன்மை நடிகராக உயர்த்தின. கண்களைத் தாழ்த்தி, குரலை உயர்த்தாமல், பேச்சைவிட மௌனத்தால் நடிக்கும் அவருடைய பாணி, நாடக மேடையின் உரத்த நடிப்பே வழக்கமாயிருந்த காலத்தில் புதுமையாகத் தெரிந்தது. பத்திரிகைகள் அவரை ஹாலிவுட் நடிகர் பால் முனியுடன் ஒப்பிட்டன.

தமிழ் ரசிகர்கள் அவரை அறிந்தது 'அசோக் குமார்' (1941) படத்தின் வழியாக. எம்.கே.தியாகராஜ பாகவதர் இளவரசன் குணாளனாகவும், நாகையா மாமன்னர் அசோகராகவும் நடித்தனர். பாகவதரின் குரலுக்குக் கூட்டம் கூடிய காலத்தில், அவருக்கு எதிரே நின்று தம் இடத்தைத் தக்கவைப்பது எளிதன்று. நாகையா அதைச் செய்தார். 1945இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'மீரா'வில் எம்.எஸ்.சுப்புலட்சுமியின் கணவரான ராணாவாக நடித்தார். மனைவியின் பக்தியைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும் அரசனை வெறும் கொடியவனாக்காமல் காட்டியது, இன்று பார்த்தாலும் வியப்பளிக்கிறது.

பின்னர் சொந்தமாகப் படமெடுக்கத் துணிந்தார். ரேணுகா பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, 'தியாகய்யா' (1946) படத்தைத் தாமே தயாரித்து, இயக்கி, நடித்து, கீர்த்தனைகளையும் பாடினார். திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய தியாகராஜரின் கதை அது. இரு மொழிக்கும் பொதுவான ஒரு வாழ்க்கையை, இரு மொழிக்கும் பொதுவான ஒரு நடிகர் ஏற்றார். தமிழகத்திலும் அப்படம் விரும்பிப் பார்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு கே.வி.ரெட்டி இயக்கிய 'யோகி வேமனா' வந்தது. போதனா, தியாகய்யா, வேமனா ஆகிய மூன்று வேடங்களுக்குப் பிறகு மக்கள் அவரை நடிகராக அல்லாமல் பக்தராகவே காணத் தொடங்கினர்.

தமிழில் அவருடைய சிறந்த படம் எது என்று கேட்டால், 'ஏழை படும் பாடு' (1950) என்பதே இச்செய்தியாளரின் விடை. விக்டர் ஹ்யூகோவின் பிரெஞ்சு நாவலைச் சுத்தானந்த பாரதியார் அப்பெயரில் தமிழாக்கியிருந்தார். கோவை பட்சிராஜா ஸ்டுடியோ அதைத் தமிழிலும், 'பீதல பாட்லு' என்ற பெயரில் தெலுங்கிலும் எடுத்தது. கே.ராம்நாத் இயக்கினார். தண்டனை முடிந்தும் சமூகத்தால் ஏற்கப்படாத கைதி கந்தனாக நாகையா நடித்தார். அவரை விடாது துரத்தும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன், அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஜாவர் சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார்.

அக்காலத்தில் சென்னையே தமிழ், தெலுங்குத் திரைப்படங்களுக்குப் பொதுவான தலைநகர். ஒரே அரங்கில் காலையில் ஒரு மொழியிலும் மாலையில் மற்றொரு மொழியிலும் காட்சிகளைப் படமாக்க முடிந்தது. ஒரு மொழியில் வென்ற குடும்பக் கதை அடுத்த மொழியில் மீண்டும் எடுக்கப்படுவதும் வழக்கமாயிற்று. 1950இல் தெலுங்கில் வெற்றிபெற்ற 'சம்சாரம்' அடுத்த ஆண்டே தமிழில் வந்தது. 'ராமுடு பீமுடு' (1964) சில மாதங்களிலேயே 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) ஆனது. இரண்டையும் சாணக்யாவே இயக்கினார். மறுதிசையிலும் கதைகள் பயணித்தன. ஸ்ரீதர் எழுதிய 'எதிர்பாராதது' (1954) தெலுங்கில் 'இலவேல்பு' ஆகவும், இந்தியில் 'சாரதா' ஆகவும் மாறியது. மகனின் காதலியையே அறியாமல் மணந்துகொள்ளும் தந்தை வேடத்தைத் தமிழ் மூலத்தில் ஏற்றவர் நாகையா. சிவாஜி கணேசனும் பத்மினியும் நாயகன், நாயகியாக நடித்த அப்படத்தின் பாரம் உண்மையில் அந்தத் தந்தையின் தோள்மீதே இருந்தது.

இந்த இருமொழிச் சந்தையை நம்பி நாகையா 1953இல் பெரிய முயற்சியில் இறங்கினார். தெலுங்கில் 'நா இல்லு', தமிழில் 'என் வீடு' என ஒரே குடும்பக் கதையைத் தயாரித்து, இயக்கி, நடித்தார். தலைப்பை மொழிபெயர்க்க அவர் சிரமப்பட்டிருக்க மாட்டார். தெலுங்கின் 'இல்லு'வும், தமிழில் இல்லம், இல்லறம் ஆகிய சொற்களில் வாழும் 'இல்'லும் உடன்பிறப்புகளே. ஆனால் வசூல் கைகொடுக்கவில்லை. இரு மொழிகளில் எடுத்தால் இரட்டிப்பு லாபம் என்ற கணக்குத் தவறும்போது, செலவும் இரட்டிப்பாகும்.

கடன் வந்தபோதும் கை சுருங்கவில்லை. அவருடைய சென்னை வீட்டில் வந்தவர்க்கெல்லாம் உணவுண்டு. வாய்ப்புத் தேடி ஆந்திரத்திலிருந்து ரயிலேறிய இளைஞர்களுக்கு அவரது வீடு சத்திரமாயிற்று. கொடுத்ததற்குக் கணக்கு வைக்காததே அவருடைய சரிவுக்குக் காரணம் என்று திரையுலகில் இன்றும் கூறுவர். அது பாதி உண்மையே. பழைய படங்களின் வெற்றியை நம்பிப் புதிய படங்களில் பணத்தைக் கொட்டியதும் காரணம். 'ராமதாசு' அதற்குச் சான்று. கோல்கொண்டா சிறையில் வாடிய பத்ராசல ராமதாசரின் வாழ்க்கையைப் படமாக்க அவர் பல ஆண்டுகள் போராடினார். 1964இல் படம் வெளியானபோது ரசிகர்களின் ரசனை மாறியிருந்தது. கையிலிருந்த செல்வமும் கரைந்திருந்தது.

1965ஆம் ஆண்டு மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. விருது வந்த காலத்தில் அவர் பெரும்பாலும் சிறு வேடங்களை ஏற்றே வாழ்ந்துவந்தார். ஒருகாலத்தில் அவர் பெயரைச் சொல்லிப் படங்கள் விற்பனையாயின. இப்போதோ இரண்டு மூன்று காட்சிகளுக்காக அரங்கில் காத்திருந்தார். முன்னரே 'சம்பூர்ண ராமாயணம்' (1958) படத்தில் மகனைப் பிரிந்து மாயும் தசரதனாகத் தமிழ் ரசிகர்களை அவர் கலங்க வைத்திருந்தார். 'தெய்வ மகன்' (1969) படத்தில் கைவிடப்பட்ட குழந்தையை வளர்க்கும் பாபாவாக வந்தார். முகத்தில் வடுவுடன் பிறந்த மகனைப் பெற்ற தந்தை விலக்க, அவனை ஏற்றுக்கொள்ளும் முதியவர் அவர். காட்சிகள் குறைவு. எனினும், மூன்று வேடங்களில் சிவாஜி நிறைந்த படத்திலும் அந்த முகம் மறக்கவில்லை.

1973ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி நாகையா காலமானார். அவருக்கு வயது 69. சென்னை தியாகராய நகர் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. சித்தூரிலுள்ள கலையரங்கம் நாகையா கலாக்ஷேத்திரம் என்று அழைக்கப்படுகிறது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்துசென்றது.