கார்ட்டூன் குழந்தைகளுக்கு மட்டுமா? 1918-லேயே பதில் சொன்ன வின்சர் மெக்கே!

கார்ட்டூன் பார்த்தா இன்னும் சின்னப் பிள்ளையானு வீட்ல கேட்கிறாங்களா? அப்போ வின்சர் மெக்கே கதை உங்களுக்குத்தான்.

அமெரிக்க நாளிதழ் ஓவியர் இவர். 1905-ல் தொடங்கிய ‘லிட்டில் நீமோ’ சித்திரக்கதை அவரைப் பிரபலமாக்கியது. 1914-ல் ‘கெர்ட்டி’ டைனோசரோடு மேடையேறினார். கையில் சாட்டையுடன் திரைக்கு முன்னால் நிற்பார். அவர் திட்டினால் திரையில் கெர்ட்டி அழும்.

அடுத்த வருடமே எல்லாம் மாறியது. 1915 மே 7 அன்று அயர்லாந்து அருகே லூசிட்டானியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. 18 நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. சுமார் 1,200 பேர் பலி. மெக்கே கொதித்துப்போனார்.

சிக்கல் என்னன்னா, அவரோட முதலாளி ஹேர்ஸ்ட், அமெரிக்கா போரில் இறங்கவே கூடாது என்ற கட்சி. அந்தக் கருத்துக்கு ஏற்ற கார்ட்டூன்களை ஆபீஸில் வரைந்து கொடுத்ததும் மெக்கேதான் (மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்).

கப்பல் மூழ்கியதைப் படம்பிடித்த கேமரா எதுவும் இல்லை. வரைந்துதான் காட்ட முடியும். சொந்தக் காசு, வேலை போக மிஞ்சிய நேரம், ஒன்றிரண்டு உதவியாளர்கள். சுமார் 25,000 ஓவியங்கள், கிட்டத்தட்ட 2 வருட உழைப்பு.

1918 ஜூலையில் படம் வெளியானது. ஓடும் நேரம் சுமார் 12 நிமிடம்தான். சிரிப்புக்கு இடமே இல்லை. கரும்புகை, சாயும் கப்பல், கடலில் விழும் மனிதர்கள். கடைசியில், குழந்தையோடு மூழ்கும் ஒரு தாய். அப்பட்டமான போர்ப் பிரசாரம்தான், மறுக்க முடியாது. ஆனால், அது பெரியவர்களிடம் பேசிய அனிமேஷன்.

மெக்கே 1934-ல் இறந்தார். அந்தப் படம் 2017-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது.