சுப்பாராவும் மஞ்சள் மருந்தும்

ஓசூர் சாலையில் உள்ள கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையைப் பேருந்தில் கடந்து செல்லாத மாணவர் நம்முள் அரியர். அத்தகைய மருத்துவமனைகளில் இரத்தப் புற்றுக்கு ஆளான குழந்தைகளுக்குத் தரப்படும் மருந்துகளுள் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். மஞ்சள் நிறப் பொடி. மூட்டுவாதத்தால் வருந்துவோர் வீட்டு அலமாரியிலும் சிறு மாத்திரையாக அது இருக்கிறது. அம்மருந்தின் வரலாறு சென்னையில் படித்த ஒருவருடைய வாழ்க்கையோடு பிணைந்தது. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். குடும்பத்தில் வறுமை. காசியில் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கலாம் என்று சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடியவர். தாய் பிடித்துக் கொண்டுவந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேறியது மூன்றாம் முறையில்தான். தேர்வு முடிவுகளைக் கண்டு கலங்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்!

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் அங்கி அணிந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அந்நாட்களில் அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்னும் நோயால் மாண்டனர். குடல் உணவின் சத்தை ஏற்காமல் உடம்பை உருக்கும் நோய் அது. அவரையும் அது பற்றியது. ஆயுர்வேத சிகிச்சையால் பிழைத்தார்.

1922இல் பாஸ்டன் நகருக்குச் சென்றார். மருத்துவமனையில் இரவு ஊழியராக எடுபிடி வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்தார். உடலிலுள்ள பாஸ்பரசை அளக்க ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் 1925இல் வெளியிட்ட முறையை நம் உயிர்வேதியியல் மாணவர் இன்றும் அறிவர். 1940இல் நியூயார்க் மாநிலத்து லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே 1945இல் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது நல்ல மருந்தாயிற்று. கால் நூற்றாண்டு தாமதமாக!

அதன்பின் நடந்ததே நமக்கு முக்கியம். பாஸ்டன் குழந்தை மருத்துவர் ஃபார்பர், இரத்தப் புற்றுடைய குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தைச் சேர்ந்த பொருள்களைக் கொடுத்தார். நோய் முற்றியது. அப்படியானால் இச்சத்தைத் தடுத்தால் நோய் தணியுமோ என்ற எண்ணம் பிறந்தது. சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தின் ஓரிடத்தில் ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கி அமினோ தொகுதியை வைத்தனர். அதுவே அமினோப்டெரின். உயிரணு அதை ஃபோலிக் அமிலமென்று நம்பி ஏமாறுகிறது. புதிய அணுக்களைப் படைக்க முடியாமல் தவிக்கிறது. 1948 சூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில் 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் அது தற்காலிகமே. அதற்கு ஒரு மீதைல் தொகுதியைக் கூட்டிய தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட்.

ஏமாறுவது நோயணு மட்டுமன்று. எலும்பு மச்சையும் வாயின் உட்தோலும் குடலும் ஓயாது புதுப்பிக்கப்படுபவை, அவையும் ஏமாறும். கருவில் வளரும் சிசுவோ இன்னும் எளிதில் கெடும். அமினோப்டெரினால் சிசுக்கள் ஊனமுற்றதை 1950களிலேயே மருத்துவர் கண்டனர். ஆகவே இம்மருந்தைக் கருவுற்ற பெண்கள் கையாளலாகாது. ஆலையில் பணிபுரிவோர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, காற்றை உறிஞ்சி வடிகட்டும் மூடிய பெட்டகத்துக்குள் வேலை செய்யவேண்டும். சிந்திய பொடியைத் துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் பறக்கும். ஈரத்துணியால் ஒற்றியெடுப்பதே முறை. பாட்டிக்கு விழுங்க முடியவில்லையே என்று மாத்திரையை அம்மியில் பொடிப்பதும் கூடாது.

மிகக் கொடிய பிழை வேறொன்று. மூட்டுவாதத்துக்கு இதை வாரம் ஒரு முறைதான் உட்கொள்ளவேண்டும். மற்ற மாத்திரைகளைப்போல் நாள்தோறும் விழுங்கி உலகெங்கும் பலர் இறந்திருக்கின்றனர். சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு ஆபத்து மிகுதி; மருந்து வெளியேறும் வழி அதுவே. வாய்ப்புண், காய்ச்சல், காரணமின்றி இரத்தக்கசிவு கண்டால் அன்றே மருத்துவரிடம் ஓடவேண்டும். மாற்று மருந்து இருக்கிறது: ஃபோலினிக் அமிலம். தாமதித்தால் அதுவும் உதவாது. வீட்டில் எவரேனும் இதை உண்பவராயின், எந்தக் கிழமை என்று உறையின்மேல் தமிழில் பெரிதாக எழுதிவைப்பது நம்மைப் போன்ற பேரப்பிள்ளைகளின் வேலை.

ஃபார்பரின் அறிக்கை வெளிவந்து இரண்டு மாதம் கடந்த சில நாளில், 1948 ஆகஸ்டில் ஓரிரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் எழவில்லை. வயது 53. 1922இல் ஊரில் விட்டுவந்த மனைவியை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.