எண்ணாத எண்ணுக்கு உரியவர்

தேர்வுக் காலத்தில் நம் ஜீவனஹள்ளிப் பிள்ளைகள் அவகாட்ரோ எண்ணை நெட்டுருச் செய்வதை நாம் கேட்டிருக்கிறோம். அப்பெயருக்குரியார் யாவர்?

அமேதியோ அவகாட்ரோ 1776-இல் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்றவர். பின்னரே இயற்பியலை நாடினார். வெர்செல்லியில் ஆசிரியராயிருந்தபோது, 1811-இல், ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்கள் யாவும் சம எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்டன என வெளியிட்டார். அக்கால அறிஞருள் பெரும்பாலோர் செவிசாய்க்கவில்லை. 1820-இல் கிடைத்த டூரின் பல்கலைக்கழகப் பதவியும் அரசியற் கலக்கத்தால் பறிபோயிற்று. பல்லாண்டு கழித்தே மீண்டது. 1856-இல் மறைந்தார். 1860-இல் கார்ல்ஸ்ரூஹே மாநாட்டில் கன்னிசாரோ எடுத்துரைத்த பின்னரே பலர் தெளிந்தனர்.

விந்தை யாதெனில், அவ்வெண்ணை அவர் கணித்ததேயில்லை! அவர் பெயரை அதற்குச் சூட்டியவர் பெர்ரன் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஆண்டு 1909.

ஒரு மோலில் 6.022 × 10²³ மூலக்கூறுகள். 18 கிராம் நீர் ஒரு மோல். எனவே 90 கிராம் நீர் ஐந்து மோல். ஐந்தால் அவ்வெண்ணைப் பெருக்கின் 30.11 × 10²³, அதாவது 3.011 × 10²⁴ மூலக்கூறுகள். புள்ளியை நகர்த்துகையில் படியைக் கூட்ட மறப்பதே பிள்ளைகள் வழக்கம். பெற்றோர் அங்கே சற்று நோக்குக. 2019 முதல் இவ்வெண் 6.02214076 × 10²³ என்றே வரையறுக்கப்பெற்றுள்ளது.