பெரியவர் யார்? விவால்டியும் பாக்கும்

மேலை நாட்டு இசையைக் கற்போரிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: விவால்டி பெரியவரா, பாக் பெரியவரா? ஒருவர் இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கக் குரு; மற்றவர் ஜெர்மனியில் லூத்தரன் ஆலயங்களில் பணிபுரிந்தவர். ஏறக்குறைய ஒரே காலத்தில் வாழ்ந்தும், இருவரும் ஒருவரையொருவர் ஒருநாளும் சந்தித்ததில்லை. ஆயினும் இவர்கள் வாழ்வு பின்னிப் பிணைந்த கதை வியப்புக்குரியது. விவால்டியின் வரலாற்றைப் படித்தால் நம் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

அந்தோனியோ விவால்டி 1678-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் வெனிஸ் நகரில் பிறந்தார். பிழைக்குமோ பிழைக்காதோ என்ற நிலையில், மருத்துவச்சியே வீட்டில் அவசரமாகத் திருமுழுக்குக் கொடுத்தாராம். தந்தை முதலில் நாவிதர். பிறகு புனித மாற்கு பேராலயத்தில் வயலின் வாசிப்பவரானார். அவரிடமே மகன் வயலின் கற்றார். 1703-இல் குருப்பட்டம் பெற்றார். தலைமுடி செம்பட்டை நிறமாதலால் ஊரார் அவரைச் 'செந்நிறக் குரு' என்று அழைத்தனர். பிறவியிலிருந்தே வாட்டிய நெஞ்சு இறுக்கத்தால், சில ஆண்டுகளிலேயே திருப்பலி நிறைவேற்றுவதை அவர் நிறுத்த வேண்டியதாயிற்று.

குருப்பட்டம் பெற்ற அதே ஆண்டில், வெனிஸ் நகரின் பியெத்தா இல்லத்தில் வயலின் ஆசிரியராக அமர்ந்தார். பியெத்தா என்றால் இரக்கம் என்று பொருள். பெற்றோர் கைவிட்ட பச்சிளங் குழந்தைகளை ஏற்று வளர்க்க 14-ஆம் நூற்றாண்டில் தோன்றிய இல்லம் அது. ஆண்பிள்ளைகள் வளர்ந்ததும் தொழில் கற்று வெளியேறுவர். பெண்களில் இசைத்திறன் உடையோர்க்கு அங்கேயே உயர்ந்த பயிற்சி கிடைத்தது. பெண்கள் மேடையேறி வாத்தியம் வாசிப்பது அரிதாயிருந்த அக்காலத்தில், பியெத்தாவின் பெண்கள் வயலின், செல்லோ, ஓபோ எனப் பல கருவிகளையும் திறம்பட வாசித்தனர். ஆலயத்தின் மேல்மாடத்தில், இரும்புக் கிராதிக்குப் பின்னால் நின்று அவர்கள் இசைப்பர். முகம் சரியாகத் தெரியாது. இசை மட்டும் இறங்கிவரும். அதைக் கேட்கவே அயல்நாட்டு அரசர்களும் பிரபுக்களும் வெனிசுக்கு வந்தனர்.

இப்பெண்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. வாசிக்கும் கருவியே அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர்களுள் புகழ்பெற்றவர் 'வயலின் அன்னா மரியா'. அவருக்கென்றே விவால்டி பல கன்சர்ட்டோக்களை எழுதினார். பின்னாளில் அவர் அதே இல்லத்தில் ஆசிரியையாகவும் உயர்ந்தார். 1716-இல் விவால்டி விவிலிய வீராங்கனை யூதித்தின் கதையை இசைநாடகமாக அமைத்தபோது, ஆண் பாத்திரங்கள் உட்பட எல்லாவற்றையும் பெண்களே பாடினர். இன்று உலகெங்கும் ஆலயங்களில் ஒலிக்கும் அவருடைய 'குளோரியா' கீதமும் இவர்களுக்காகவே எழுதப்பட்டதென்று கருதப்படுகிறது.

விவால்டியின் தனிச்சிறப்பு தெளிவு. கன்சர்ட்டோ என்பது தனிக் கருவி ஒன்றும் வாத்தியக் குழுவும் மாறிமாறி இசைப்பது. நம் கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வருவதைப் போல, குழுவின் இசை இடையிடையே மீண்டு வரும். நடுவே தனி வயலின் சிறகடித்துப் பறக்கும். இந்த அமைப்புக்குச் செம்மையான வடிவம் தந்தவர் விவால்டி. 1725-இல் வெளியான 'நான்கு பருவங்கள்' என்ற படைப்பில் பறவைகளின் பாட்டையும், இடிமுழக்கத்தையும், குளிரில் பற்கள் கிடுகிடுப்பதையும் வயலினிலேயே கேட்கலாம். ஏறக்குறைய 500 கன்சர்ட்டோக்களை அவர் எழுதினார். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று குறை கூறுவோரும் உண்டு.

இனி பாக்கைப் பார்ப்போம். யோகான் செபாஸ்தியன் பாக் 1685-இல் ஐசனாக் என்னும் ஊரில் பிறந்தார். பத்து வயது நிரம்புமுன் தாயையும் தந்தையையும் இழந்து அண்ணனின் வீட்டில் வளர்ந்தார். அவருடைய சிறப்பு ஆழம். ஒரு குரல் தொடங்கும் இசையை வேறொரு குரல் பின்தொடர, மூன்றாவதும் நான்காவதும் வந்து சேர, எல்லாம் ஒன்றையொன்று நெருக்காமல் ஒரே கோபுரமாய் எழும். 'மத்தேயு எழுதிய பாடுகள்' இசையும், பி மைனர் திருப்பலி இசையும் அவ்வாறு எழுந்தவை. தம் கையெழுத்துப் படிகள் பலவற்றின் தொடக்கத்தில் இயேசுவின் துணையை வேண்டியும், முடிவில் இறைவனுக்கே மகிமை என்றும் குறிப்பது அவர் வழக்கம்.

இத்தகைய பாக், வைமார் நகரில் இருந்தபோது என்ன செய்தார் தெரியுமா? 1711-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான விவால்டியின் 12 கன்சர்ட்டோக்கள் ஐரோப்பா எங்கும் பரவியிருந்தன. பாக்குக்கு அப்போது வயது முப்பதைத் தொடவில்லை. எனினும் ஆர்கன் வாசிப்பதில் பெயர் பெற்றுவிட்டார். ஆயினும் அவர் விவால்டியின் கன்சர்ட்டோக்களில் ஒன்பதை ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் ஏற்றவாறு தம் கையால் மாற்றி எழுதினார். பின்னர் லைப்சிக் நகரில், நான்கு வயலின்களுக்கான ஒன்றை நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு அமைத்தார். இசையில் ஒழுங்காகச் சிந்திக்கும் முறையை பாக் இவ்வாறே கற்றார் என்று, 1802-இல் அவர் வரலாற்றை எழுதிய ஃபோர்க்கெல் குறிப்பிடுகிறார்.

விவால்டியின் இறுதிக்காலம் துயரமானது. வெனிஸ் மக்களின் ரசனை மாறியது. ஆதரவு தேடி வியன்னா சென்றார். 1740-இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் இறக்க, அந்த நம்பிக்கையும் போயிற்று. 1741 ஜூலை 28-ஆம் நாள், எளிய முறையில் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். சரியாக ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 1750-இல், அதே ஜூலை 28-ஆம் நாள், கண்பார்வை இழந்த நிலையில் பாக் இறந்தார். இருவர் இசையையும் பொதுமக்கள் பெரும்பாலும் மறந்தனர்.

1829-இல் இருபது வயது மெண்டல்சன் பெர்லினில் பாக்கின் 'மத்தேயு பாடுகள்' இசையை மீண்டும் ஒலிக்கச் செய்தார். அதன்பின் பாக்கின் படைப்புகளை ஆராய்ந்தோர், அவர் மாற்றி எழுதிய கன்சர்ட்டோக்களின் மூலம் யாருடையது என்று தேடினர். மாணவரின் ஏட்டிலிருந்து ஆசிரியரின் பெயர் வெளிவந்தது!

1926-இல் இத்தாலியில் சலேசியக் குருக்களின் பள்ளி ஒன்று பணத்தேவையால் தன்னிடமிருந்த பழைய இசைச்சுவடிகளை விற்க முன்வந்தது. அவற்றுள் விவால்டியின் கையெழுத்துப் படிகள் கட்டுக்கட்டாய் இருந்தன. தூரின் தேசிய நூலகத்தில் அவற்றைச் சேர்க்கப் பணம் தந்தவர் ரொபேர்த்தோ ஃபோவா. எஞ்சிய பகுதி வேறொரு குடும்பத்திடம் கண்டுபிடிக்கப்பட்டபோது உதவியவர் ஃபிலிப்போ ஜோர்தானோ. இருவரும் தம் இளம் மகனைப் பறிகொடுத்தவர்கள். அக்குழந்தைகளான மௌரோ, ரென்ஸோ ஆகியோரின் நினைவாகவே அத்தொகுப்புகள் இன்றும் வழங்குகின்றன. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட இசையை, பிள்ளைகளை இழந்த பெற்றோர் மீட்டுத் தந்தனர்.

பெரியவர் யார்? படைப்பின் ஆழத்தை அளந்தால் பாக் என்றே பலரும் கூறுவர். ஆனால் அந்த பாக்கே விவால்டியின் முன் மாணவராய் அமர்ந்தார். அதனால் அவர் சிறியவராகிவிடவில்லை. விவால்டியோ பெயரற்ற பெண்களுக்குப் பெயர் கிடைக்கச் செய்தார். அன்பு மாணவியரே, வகுப்பில் நம்மைவிட நன்றாகப் பாடும் தோழியைக் கண்டால் பொறாமை கொள்ளாமல், அவளிடம் ஏட்டை வாங்கி எழுதிக் கற்போம். கற்றதைக் கைவிடப்பட்டோர்க்கும் வழங்குவோம். அவ்விரு மேதைகளுக்கும் நாம் செலுத்தும் நன்றி அதுவே.