ஒரு சிரட்டைக் கஞ்சியும் சுப்பாராவும்

எஹலியகொடவில் ஓர் இறப்பர்த் தோட்டத்து லயத்தில் என் பெரியம்மா இருக்கிறார். 1977 வன்செயலுக்குப் பிறகு இங்கிருந்து கிளிநொச்சிக்குப் போய், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, முகாமில் கிடந்து, கடைசியில் பிறந்த லயத்துக்கே திரும்பியவர். கடந்த மே மாதம் அவர் கஞ்சி காய்ச்சியபோது பக்கத்தில் இருந்தேன். அரிசி, தண்ணீர், உப்பு. ஒரு நாளைக்கு ஒரு சிரட்டை கூட நிரம்பாத இந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு எப்படித்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேனோ என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பதிலைத் தேடியபோது கிடைத்த பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில், வசதியற்ற தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். உண்ட உணவு உடலில் ஒட்டாமல் போகும் ஸ்புரூ என்ற குடல் நோய்க்கு, சில நாள் இடைவெளியில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்ததால் சத்திரசிகிச்சைப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தரச் சான்றிதழே கிடைத்தது.

1923இல் மனைவியை ஊரில் விட்டு அமெரிக்கா போனார். பிறகு திரும்பவே இல்லை. பொஸ்டனில் இரவில் மருத்துவமனை எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. அங்கே சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, இரத்தத்திலும் தசையிலும் உள்ள பொசுபரசை அளக்கும் முறையை 1925இல் உருவாக்கினார். அந்த அளவீடுதான் 1929இல் அவர்களை ஏ.ரி.பி.யிடம் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டில் ஜேர்மனியில் கார்ல் லோமனும் தனியே அதைக் கண்டறிந்தார்.

கஞ்சியின் மாப்பொருள் குடலில் குளுக்கோசாகி, இரத்தத்தோடு ஒவ்வொரு கலத்துக்கும் போகிறது. கலம் அதை முதலில் ஒட்சிசன் இல்லாமலே உடைக்கிறது. அதில் கிடைப்பது இரண்டே ஏ.ரி.பி. மிச்சம் இழைமணிக்குள் போய், நாம் இழுக்கும் மூச்சின் ஒட்சிசனோடு சேரும்போது மொத்தம் ஏறத்தாழ முப்பது கிடைக்கிறது. காபனீரொட்சைட்டு மூச்சாக வெளியேறுகிறது. கால் எடுத்து வைப்பதும் இதயம் துடிப்பதும் இந்த ஏ.ரி.பி.யின் செலவில்தான். அதைச் சேமித்து வைக்க முடியாது. ஆகவே கஞ்சி போதாதபோது உடல் தன் கொழுப்பை எரிக்கிறது, பிறகு தசையையே எரிக்கிறது.

ஹார்வர்ட் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூவுக்கும் அது மருந்தானது. யானைக்கால் நோய்க்கான மாத்திரையும் அவர் வழிநடத்திய ஆய்வில் பிறந்ததே. 1948 ஓகஸ்டில், 53 வயதில், நோபல் பரிசு இல்லாமலே இறந்தார்.

இதையெல்லாம் பெரியம்மாவுக்குச் சொன்னேன். அப்படியென்றால் அன்று என் சதையைத் தின்றுதான் நடந்திருக்கிறேன் என்றார். ஆம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கஞ்சியை ஊற்றி, பக்கத்து லயத்தில் ஃபோலிக் மாத்திரை குடிக்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு முதலில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.