சாமுவேல் பேக்கர்: சன்னம் தெரிந்த மனிதரின் கணக்கு

பார்க்கிங்கில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நான் பல வருடங்களாகக் கணக்கு எழுதி வருகிறேன். மாரி காலத்தில் அவர் மான் இறைச்சியும் விற்பார். ஒருமுறை அவருடைய சிட்டைகளைப் பதிந்துகொண்டிருந்தபோது, ஒரு மானுக்கு மட்டும் விலை நன்றாகக் குறைத்துப் போடப்பட்டிருப்பதைக் கண்டேன். காரணம் கேட்டேன். தோள் இரண்டும் பழுது, சன்னம் பட்ட இடத்தைச் சுற்றி இரத்தம் கட்டி இறைச்சி கறுத்துவிட்டது, வெட்டி எறியத்தான் வேண்டும் என்றார். பொருத்தமான சன்னத்தைச் சரியான இடத்தில் வைத்திருந்தால் அந்த இறைச்சி தப்பியிருக்குமாம்.

எனக்குத் துவக்குப் பிடிக்கத் தெரியாது. துவக்குகளிடமிருந்து தப்பி வந்தவன் நான். ஆனாலும் ஒரு சிட்டையில் காரணம் தெரியாத கழிவு இருந்தால் கணக்காளனுக்கு நித்திரை வராது. தேடி வாசித்தபோது, நம்மில் பலருக்குப் பெயரளவில் தெரிந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். ஓர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போனவர்கள் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய சேர் சாமுவேல் வைட் பேக்கர் என்பவர்தான் அவர்.

பேக்கர் 1821 ஜூன் 8 ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தகப்பனார் கப்பல்களும் சர்க்கரை வியாபாரமும் கொண்ட செல்வந்தர். ஜமேக்காவிலும் மொரிசியசிலும் அவர்களுக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. மகனுக்கு வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை, துவக்கில்தான் ஒட்டியது. 1840 இல், பத்தொன்பது வயதில், பிறிஸ்டல் நகரத் துவக்குச் செய்பவரான கிப்ஸிடம் தான் சொன்ன அளவுகளில் ஒரு ரைபிள் செய்வித்தார். அதன் எடை ஏறக்குறைய 21 இறாத்தல். எவ்வளவு மருந்து, எவ்வளவு ஈயம், எந்த மிருகம் என்ற கணக்கு அந்த வயதிலிருந்தே அவர் தலையில் ஓடத் தொடங்கிவிட்டது.

1843 இல் ஹென்றியேற்றா மார்ட்டினை மணந்து, குடும்பத் தோட்டத்தைப் பார்க்க மொரிசியசுக்குப் போனார். அங்கிருந்து வேட்டைக்காக இலங்கைக்கு வந்தார். காட்டுக் காய்ச்சலில் விழுந்து, உடம்பு தேற நுவரெலியாவுக்கு ஏறியவருக்கு அந்தக் குளிர் பிடித்துப்போயிற்று. 1848 இல் இங்கிலாந்திலிருந்து ஆட்கள், மாடுகள், வேட்டை நாய்கள், விவசாயக் கருவிகள் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, மலையில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்கப் பார்த்தார். முதற்பயிர்கள் பல அழிந்தன. கால்நடைகள் செத்தன. பிள்ளைகளையும் பறிகொடுத்தார். ஆனால் காடு அவருக்குக் குறை வைக்கவில்லை.

நுவரெலியாக் காட்டில் அவர் தேடியது மரை. வெள்ளைக்காரர்கள் அதற்கு எல்க் என்று பிழையான பெயர் வைத்திருந்தார்கள். அடர்ந்த மலைக்காட்டில் துவக்குக்கு வேலை குறைவு. நாய்கள் துரத்த, ஓடிக் களைத்த மரை ஆற்று மடுவில் இறங்கி எதிர்த்து நிற்கும். பேக்கர் தண்ணீரில் இறங்கி அகலமான வேட்டைக் கத்தியால் அதன் கதையை முடிப்பார். இறைச்சியை மட்டும் பார்த்தால் அதில் சேதமே இல்லை எனலாம். ஆனால் அந்த மிருகம் அதற்கு முன் பட்ட பாடு? நாய் விட்டு மானைத் துரத்திக் கொல்வதை இங்கிலாந்து 2004 ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டத்தால் தடை செய்துவிட்டது.

தாழ்நிலத்தில் அவர் துவக்கைத்தான் நம்பினார். புள்ளிமான், காட்டெருமை, எல்லாவற்றுக்கும் மேலாக யானை. அந்தக் காலத்தில் யானை கொல்ல அரசாங்கமே காசு கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் எங்கள் வட மாகாணத்தில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்கு இந்தக் காசு வழங்கப்பட்டதாக எமேர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். இலங்கையில் யானை இறைச்சியை உண்பவர் இல்லை. விழுந்த இடத்திலேயே அழுகியது. பேக்கரின் இலங்கைக் கணக்கில் மிகப் பெரிய விரயம் இதுதான். அவருடைய இலங்கைப் புத்தகங்கள் இரண்டிலும் அதைப் பற்றிய வருத்தத்தை விட வேட்டையின் உற்சாகமே மிஞ்சி நிற்கிறது.

1855 இல் உடம்பு சரியில்லாமல் இலங்கையை விட்டுப் போனார். அதே ஆண்டில் மனைவியும் காய்ச்சலில் இறந்தார். சில ஆண்டுகள் திக்கில்லாமல் அலைந்த பின், பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்குடன் தன்யூப் நதிப் பக்கம் வேட்டைக்குப் போன இடத்தில், 1859 இல் விடின் என்ற ஊரின் அடிமைச் சந்தையில் ஒரு பெண்ணைக் கண்டார். போரில் குடும்பத்தை இழந்து ஏதிலியான புளோரன்ஸ். அவரை அங்கிருந்து மீட்டுத் தன்னுடன் கூட்டிச் சென்றார். பிறகு மணமும் செய்தார். விக்டோரியா மகாராணி கடைசி வரை அந்த அம்மாவை அரண்மனைக்குள் எடுக்கவில்லை. ஆப்பிரிக்காவின் காய்ச்சலையும் பசியையும் கணவரோடு சேர்ந்து தாங்கியவர் அவர்தான்.

1861 இல் இருவரும் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். 1864 மார்ச் 14 இல் ஒரு பெரிய ஏரியைக் கண்டு அதற்கு அல்பேட் என்று பெயரிட்டார்கள். அந்தப் பயணத்தில் பேக்கரின் துவக்குக்கு வேறு வேலை வந்தது. கூட வந்தவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். ஹொலண்ட் கடையில் செய்வித்த, அரை இறாத்தல் வெடிகுண்டைச் சுடும் ஒரு பெருந்துவக்கும் அவரிடம் இருந்தது. அதை அவர் அருமையாகத்தான் தொட்டார், சுட்டால் அவரையே சுழற்றி விடுமாம். மான் இனங்களுக்கு அவர் எடுத்தது பிளெச்சர் என்பவர் செய்த சிறிய ரைபிள். சமைக்க வேண்டிய மிருகத்துக்குப் பீரங்கி வேண்டியதில்லை.

1866 இல் சேர் பட்டம் கிடைத்தது. 1869 முதல் நான்கு ஆண்டுகள், வருடம் 10,000 பவுண் சம்பளத்தில், எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயிலுக்காக மேல் நைல் பகுதியில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போனார். முழுதாக ஒழிக்க முடியவில்லை. கரும்புத் தோட்டக் காசில் வளர்ந்த மகன் அந்த வேலைக்குப் போனதே ஒரு கடன் தீர்ப்பு என்று நினைக்கத் தோன்றுகிறது.

சன்னங்களைப் பற்றித் தான் கற்றதை அவர் 1890 இல் வெளிவந்த தம் கடைசிக் காலப் புத்தகத்தில் விரித்து எழுதினார். அப்போது முனையில் துளையிட்ட இலேசான வேகச் சன்னங்கள் பிரபலமாக இருந்தன. பெரிய மிருகங்களுக்கு அவை ஆகாது என்று பேக்கர் கடுமையாக எதிர்த்தார். அவை எலும்பில் பட்டதும் துண்டு துண்டாகச் சிதறும், ஆழம் போகாது. சுத்தமான ஈயத்தில் வார்த்த கனமான திடச் சன்னம் உள்ளே போய்க் காளான் போல விரிந்து, உடையாமல் மறுபக்கத் தோலுக்குக் கீழே தங்க வேண்டும். அப்போதுதான் அதன் பலம் முழுவதும் மிருகத்துக்குள் செலவாகும். இதுதான் அவர் கொள்கை.

இறைச்சியைக் காப்பாற்றுவது பேக்கரின் முதற் கவலையல்ல. ஆனால் அந்தக் கொள்கையே இறைச்சியையும் காப்பாற்றுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர் காலத்துக் கரிமருந்துத் துவக்குகள் மெதுவானவை. இன்று 308 ரைபிளின் சன்னம் நொடிக்கு 2,700 அடிக்கு மேல் பாய்கிறது. இலேசான, மெல்லிய கவசமுள்ள சன்னம் இந்த வேகத்தில் கிட்டத்திலிருந்து தோள் எலும்பில் பட்டால் வெடித்துச் சிதறும். எலும்புத் துணுக்குகளும் சன்னங்களாகிவிடும். சுற்றியுள்ள தசை முழுவதும் இரத்தம் கட்டிப்போகும். அதனால் இறைச்சியை நினைக்கும் வேட்டைக்காரர்கள் சற்றுக் கனமான, வேகம் குறைந்த, உடையாமல் விரியும் சன்னத்தைத் தேர்கிறார்கள். தோளில் வைக்காமல், அதற்குச் சற்றுப் பின்னால் விலா எலும்புகளுக்கு ஊடாக இருதயத்தையும் நுரையீரலையும் குறி வைக்கிறார்கள். வயிற்றில் பட்டால் குடல் கிழிந்து இறைச்சி கெடும், மானும் உடனே சாகாது.

விரியாத கடினச் சன்னத்தைப் பாவித்தால் இன்னும் குறைவாகத்தானே சேதம் வரும் என்று நானும் கேட்டேன். அதற்குச் சட்டம் இடம் கொடுக்காது. இங்கிலாந்தின் 1991 ஆம் ஆண்டு மான்கள் சட்டப்படி ரைபிள் சன்னம் மென்முனையோ துளைமுனையோ உள்ளதாக இருக்க வேண்டும். பெரிய மான்களுக்குத் துவக்கின் வாய் குறைந்தது 0.240 அங்குலமும் சக்தி 1,700 அடி-இறாத்தலும் இருக்க வேண்டும். ஊசி போல ஊடுருவும் சன்னம் பட்ட மான் காயத்தோடு ஓடி எங்கோ மெல்லச் சாகும். முதலில் விரைவான சாவு, பிறகுதான் இறைச்சி. சட்டம் வைத்த வரிசை இது.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் வாசிப்பை நிறுத்தினேன். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில் 1890களில் செய்த விரியும் சன்னங்களை மனிதர் மேல் பாவிக்கக்கூடாது என்று 1899 இல் ஹேக்கில் உறுதி எடுத்தார்கள். பிரித்தானியா 1907 இல்தான் அதை ஏற்றது. மனிதனுக்குத் தடை செய்த சன்னத்தை மானுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வேதனையைக் குறைப்பது. போர்க்களத்தில் காயப்பட்டவன் பிழைக்கலாம். காயப்பட்ட மானைப் பார்க்க வைத்தியர் வருவதில்லை.

பேக்கர் அறியாத ஒன்றும் உண்டு. ஈயம் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்துக்கு அப்பாலும் இறைச்சியில் பரவுகின்றன. கழுவினால் போகாது, அகலமாக வெட்டி எறிய வேண்டும். ஈயம் கலந்த வேட்டை இறைச்சியைக் கர்ப்பிணிகளும் சிறுவரும் இயன்றவரை தவிர்க்கும்படி இங்குள்ள உணவுத் தர அமைப்பு சொல்கிறது. பலர் இப்போது செம்புச் சன்னத்துக்கு மாறுகிறார்கள். அது சிதறுவதும் குறைவு. மான் இறைச்சி வாங்கும் நம்மவர்கள் எந்தச் சன்னம், எங்கே பட்டது என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பேக்கர் 1893 டிசம்பர் 30 ஆம் திகதி டெவனில் உள்ள தம் வீட்டில் இறந்தார். வயது 72. எந்த மிருகத்துக்கு எந்தச் சன்னம் என்று அவரளவு யோசித்தவர்கள் குறைவு. எதற்காகச் சுட்டோம் என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் எப்போதும் பதில் இருக்கவில்லை.

நெடுங்கேணிப் பக்கம் காட்டோரத்தில் இருந்த என் மாமாவிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. ஒரு வெடி வைத்தால் மறுபடி மருந்து இடித்து நிரப்புவதற்குள் மரை மறைந்துவிடும். அதனால் மிகக் கிட்டப் போவார். சந்தேகமென்றால் வெடி வைக்காமலே திரும்பி வருவார். விழுந்ததைப் பங்கு போட்டு அயலட்டைக்கெல்லாம் கொடுத்து, மிச்சம் வத்தலாகும். அதுவும் சட்டத்துக்குப் புறம்பான வேட்டைதான், அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் மாமாவின் கணக்கில் விரயம் என்ற பத்தி இருக்கவில்லை.

கடைக்காரரின் அந்தச் சிட்டையில் குறைத்த தொகையைக் கழிவு என்றுதான் முறைப்படி பதிந்தேன். விரயம் என்று பதியத்தான் மனம் சொன்னது.