வீட்டைக் கலைக்குக் கொடுத்த முதல்-மந்திரி

தென்பாண்டிச் சீமையிலிருந்து பட்டணம் பார்க்கப் போனவர்கள் அந்தக் காலத்தில் இரண்டு இடங்களைப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டார்கள். ஒன்று உயிர்க் காலேஜ். மற்றொன்று செத்த காலேஜ். மிருகக் காட்சி சாலைக்கும் மியூசியத்துக்கும் ஜனங்கள் வைத்த பெயர்கள் இவை.

ராஜபாளையத்துக்காரர்களுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கும் இரண்டாவது இடம் ரொம்பவும் சௌகரியம். எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால், மியூசியம் நடக்கிற தூரம்தான். 1851-ல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிப் பின்னர் எழும்பூருக்கு வந்த மியூசியம் அது. அமராவதிச் சிற்பங்களும் திருவாலங்காட்டு நடராஜரும் அங்கேதான் இருக்கின்றன.

அதே வளாகத்தில் செந்நிறக் கல்லால் ஆன அழகிய கட்டடம் ஒன்று உண்டு. மைசூர் அரண்மனைக்கு வரைபடம் போட்ட ஹென்றி இர்வின் என்பவரே இதற்கும் வரைபடம் போட்டார். விக்டோரியா மகாராணியின் பெயரால் எழுந்த அந்த மண்டபம், மியூசியத்தின் நூற்றாண்டு நிறைந்த 1951-ல், தேசியக் கலைக்கூடமாக மாறியது. திறந்து வைத்தவர் நேரு. ரவிவர்மாவின் ஓவியங்களையும் தஞ்சாவூர்ப் படங்களையும் பொதுமக்கள் அங்கே கண்டு களித்தார்கள்.

அந்த ஆண்டில் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரியாக இருந்தவர் யார் தெரியுமா? ராஜபாளையத்தில் பிறந்த பூ.ச.குமாரசாமி ராஜா!

பாட்டி வளர்த்த பிள்ளை

1898-ம் ஆண்டு ஜூலை மாதம் பிறந்தார் குமாரசாமி ராஜா. தாயையும் தந்தையையும் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். வளர்த்தவர் பாட்டி.

ராஜபாளையம் ராஜுக்களுக்கு வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ். இரண்டு மொழியும் சொந்த மொழிதான். பிற்காலத்தில் தமிழரும் ஆந்திரரும் மலையாளிகளும் கன்னடியரும் சேர்ந்து வாழ்ந்த பெரிய ராஜ்யத்தை ஆளும் பொறுப்பு வந்தபோது, இந்த இரட்டை வாழ்வு அவருக்குக் கை கொடுத்திருக்க வேண்டும்.

பெயரில்தான் ராஜா. உள்ளத்தில் அவர் காந்தியின் தொண்டர். 1927-ல் காந்தி ராஜபாளையத்துக்கே வந்தார். கதர் நூற்கும் ஊர் என்று அப்போதே அதற்குப் பெயர். சத்தியாக்கிரகத்தில் குமாரசாமி ராஜா சிறை புகுந்தார். 1934-ல் டில்லி மத்திய சட்டசபைக்கும், 1937-ல் சென்னைச் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பதவி வந்தது

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவி விலகினார். அடுத்து யார் என்ற கேள்வி எழுந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரின் ஆதரவு குமாரசாமி ராஜாவுக்குக் கிடைத்தது. ஏப்ரல் 6-ந் தேதி அவர் பதவி ஏற்றார்.

அப்போது மாகாணத் தலைமை மந்திரிக்குப் பிரதம மந்திரி என்றே பெயர். 1950 ஜனவரி 26-ந் தேதி குடியரசு மலர்ந்தது. முதல்-மந்திரி என்ற பெயர் வந்தது.

பதவியோ முள் படுக்கை! மழை பொய்த்தது. அரிசிக்குப் பஞ்சம். ரேஷன் கடை முன்னால் நீண்ட வரிசை. வகுப்புவாரி உத்தரவைக் கோர்ட்டுகள் ரத்து செய்தன. அதைத் தொடர்ந்து 1951-ல் அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் வந்தது. இத்தனை தொல்லைகளுக்கு நடுவில்தான் எழும்பூரில் கலைக்கூடத்தின் கதவு திறந்தது. வயிறு காய்கிற வேளையில் ஓவியம் எதற்கு என்று எவரும் கேட்கக் கூடிய காலம் அது.

பதவி போனது

1952-ல் முதல் பொதுத் தேர்தல். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. காங்கிரசுக்கு 375 இடங்களில் 152 மட்டுமே கிடைத்தன. மந்திரிகள் பலர் தோற்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டியிட்ட முதல்-மந்திரியும் தோற்றார். பிறந்த ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஆண்டாள் கோபுரத்தின் நிழலில், சொந்தச் சீமை ஜனங்களே அவரைக் கைவிட்டார்கள். ராஜாஜி அடுத்த முதல்-மந்திரி ஆனார்.

பிறகு 1954-ல் குமாரசாமி ராஜா ஒரிசா கவர்னர் ஆனார். புவனேசுவரத்தில் புதிய தலைநகரம் எழும்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. 1956-ல் அந்தப் பதவியிலிருந்தும் விலகினார். 1957 மார்ச் மாதம் காலமானார். அப்போது அவருக்கு வயது 58.

நின்றது எது?

தலைநகரத்தில் மியூசியம் இருக்கும், கலைக்கூடம் இருக்கும். சர்க்கார் பணம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது. கிராமத்துக்காரன் ரயில் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். ஊரிலே அவன் காணும் கலையெல்லாம் கோயிலோடு சரி. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் தூண் சிற்பங்களையும் மர வேலைப்பாடுகளையும் தினம் பார்க்கிறவனுக்குக் கலை அந்நியம் அல்ல. ஆனால் கூடிப் பேச, பாட, ஆட, படிக்க ஊருக்குப் பொதுவான ஓர் இடம் வேண்டும் அல்லவா?

அந்த இடத்தைக் கொடுத்தார் குமாரசாமி ராஜா. நிலம் வாங்கித் தரவில்லை. நன்கொடை சீட்டில் கையெழுத்துப் போட்டதோடும் நிற்கவில்லை. தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்தார்! அதற்குத் தம் பெயரையும் வைக்கவில்லை. காந்தி கலை மன்றம் என்பதே அதன் பெயர்.

காந்தி என்றால் கதரும் ராட்டையும் நினைவுக்கு வரும். காந்தியின் பெயரையும் கலையையும் ஒரே பலகையில் எழுதியதுதான் ராஜாவின் தனிக் குணம். எளிமையாக வாழ்கிறவனுக்கு அழகு வேண்டாம் என்று அவர் எண்ணவில்லை.

ஓட்டுப் போட்ட கை மறந்துவிடும். பதவிப் பலகையில் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாள் போன வெற்றியை இன்று நினைப்பார் இல்லை. ராஜபாளையத்தில் கொடுத்த வீடு ஊர்ச் சொத்தாகிவிட்டது.

அடுத்த முறை எழும்பூர்க் கலைக்கூடத்தின் செந்நிற முகப்பைப் பார்க்கிறவர்கள், அது திறந்த நாளில் ராஜ்யத்தை ஆண்டவரின் சொந்த வீட்டையும் ஒரு தரம் எண்ணிப் பார்க்கலாம். ஊர் திரும்பியதும் நேரிலேயே போய்ப் பார்க்கலாம். அதற்கு ரயில் ஏற வேண்டியதில்லை.